பிரமிடு பார்க்க மல்லசந்திரம் போனோம்

போன சித்திரையில ஆரம்பிச்ச விஷயம். தை மாசம்தான் முடிஞ்சது. ஒரே ஒரு நாள் பயணம்தான். அதுக்கு ஒன்பது மாசம் ஆச்சு.

எங்க வீடு வத்தல்மலையில. தருமபுரி ஊர்ல இருந்து 25 கிலோமீட்டர். 24 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும். காப்பி, மிளகு, சாமை, கடுகுன்னு விளையுற மலை. நான் சின்னப் பையனா இருந்தப்போ பஸ்ஸே கிடையாது. ஏதாவது வேணும்னா நடந்து இறங்கணும், நடந்து ஏறணும். அதனால எங்களுக்கு "ஒரு நாள்ல போய்ட்டு வரலாம்"ங்கிற பேச்சே ரொம்பப் பெரிய பேச்சு. கீழ இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

துபாய்ல வேலை பாக்குற என் மச்சான் எகிப்துக்குச் சுற்றுலா போனார். கீசா பிரமிடு முன்னாடி ஒட்டகத்து மேல உக்காந்து எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டார். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. அவ சமூக அறிவியல் புத்தகத்துல எகிப்து பாடம் இருக்கு. போட்டோவைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தா. அப்புறம் என்கிட்ட கேட்டா:

"அப்பா, காலையில போய்ட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துடுற மாதிரி பிரமிடு எங்கயாவது இருக்கா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள, காதுகுத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருத்தர் முந்திக்கிட்டார். "உங்க மலையில என்ன இருக்கு கண்ணு? மூடுபனியும் காட்டுப்பன்னியும்தான். பிரமிடு பாக்கணும்னா பிளேன் ஏறணும்."

எல்லாரும் சிரிச்சாங்க. பொண்ணு சிரிக்கல. எனக்கும் சிரிப்பு வரல.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு. அவர் என்னைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன். ஒரு பொண்ணு ஆசையா ஒண்ணு கேக்குறா, "உன் பக்கத்துல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்புறது தப்பு. நம்ம பக்கத்துல என்ன இருக்குன்னு தேடிப் பாக்காமலே சொல்றது அதைவிடத் தப்பு.

முதல்ல மனசுல வந்தது தஞ்சாவூர். பெரிய கோயில் விமானம் 216 அடி. தூரத்துல இருந்து பாத்தா அடுக்கடுக்கா சரிஞ்சு ஏறுற பிரமிடு மாதிரியேதான் இருக்கும். 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்சது. ஆனா எங்க மலையில இருந்து போக மட்டுமே முன்னூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. போய்ட்டு வந்தா ஒரு நாள்ல ஆகாது. இன்னொண்ணு, அது கோயில். உள்ள சாமி இருக்கு, இன்னைக்கும் பூசை நடக்குது. பிரமிடு அப்படியில்ல. அது கல்லறை. உருவத்தைப் பாத்து ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்தா பொண்ணுக்குத் தப்பா சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அவ புத்தகத்தை வாங்கிப் படிச்சேன். நூலகத்துல இருந்தும் ரெண்டு புத்தகம் எடுத்து வந்தேன். அப்பத்தான் ஒரு விஷயம் மண்டையில உறைச்சது.

எகிப்துக்காரங்க எடுத்த எடுப்புல கூர்மையா பிரமிடு கட்டிடல. அதுக்கு முன்னாடி அவங்க ராஜாக்களைப் புதைச்ச இடம் தட்டையான கூரை போட்ட ஒரு பெட்டி மாதிரி இருக்கும். மஸ்தபான்னு பேரு. சோசர்னு ஒரு ராஜா. அவருக்குக் கல்லறை கட்டின இம்ஹோதெப், ஒரு மஸ்தபா மேல அதைவிடச் சின்னதா இன்னொண்ணு, அது மேல இன்னொண்ணுன்னு மொத்தம் ஆறு அடுக்கு வெச்சார். சக்காராவுல இருக்கிற படிக்கட்டுப் பிரமிடு அதுதான். அதுக்கப்புறம்தான் கீசா. கூஃபு ராஜாவோட பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்குல. கட்டி முடிச்சப்போ உயரம் 146 மீட்டர். உள்ள சுமாரா 23 லட்சம் கல்லு.

ஆக, பிரமிடோட பாட்டி யாருன்னு கேட்டா, செத்தவங்களுக்காக உயிரோட இருக்கிறவங்க கட்டின தட்டைக் கூரை வீடு.

செத்தவங்களுக்குக் கல்லுல வீடு. அது நம்மகிட்ட இருக்கே!

கல்திட்டைன்னு சொல்வாங்க. நாலு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேல ஒரு பெரிய கல்லை மூடி, தரைக்கு மேல வீடு மாதிரி தெரியும். தரைக்கு உள்ள புதைஞ்சு இருந்தா கல்பதுக்கை. பானைக்குள்ள வெச்சுப் புதைச்சா முதுமக்கள் தாழி. மணிமேகலையில செத்தவங்களை அடக்கம் பண்ற அஞ்சு விதமான முறையைச் சொல்லியிருக்கு. எரிக்கிறதுல ஆரம்பிச்சுத் தாழியில கவிக்கிறது வரைக்கும். அந்தக் காலத்துக்காரங்க கண் முன்னாடி நடந்ததைத்தான் எழுதி வெச்சிருக்காங்க.

கல்திட்டை கூட்டமா இருக்கிற இடம் எது, நம்மால போக முடிஞ்ச இடம் எதுன்னு பாத்தேன். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரம். பாறைக் குன்று மேல நிறைய கல்திட்டை. எங்க வீட்டுல இருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். தருமபுரி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர் போற நெடுஞ்சாலையில கொஞ்ச தூரம் போய் உள்ள திரும்பணும்.

பொண்ணுகிட்ட சொன்னேன். "பிரமிடு கிடைச்சிடுச்சு."

"எத்தனை அடி?"

"உன் உயரம்."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "சரி, பரவால்ல. போலாம்."

(அந்த "பரவால்ல"வை நான் மறக்கவே மாட்டேன்.)

முதல் தடவை போனது சித்திரைக் கடைசியில. பள்ளிக்கூடம் லீவு. நான், என் வீட்டுக்காரம்மா, பொண்ணு, நாலாவது படிக்கிற பையன், என் அம்மா. அஞ்சு பேரும் பஸ்ல. இந்தப் பயணத்துல நாங்க செஞ்ச தப்பை எல்லாம் விவரமா சொல்றேன். பின்னாடி போறவங்களுக்கு உதவட்டும்.

மலையில இருந்து பஸ் பிடிச்சு இறங்கி, தருமபுரியில மாறி, கிருஷ்ணகிரி போய்ச் சேரும்போது மணி பத்தரை. அங்க இருந்து ஓசூர் பக்கம் போற பஸ். நெடுஞ்சாலையில இறங்கினா சுத்தி லாரி சத்தம், புழுதி. ஊருக்குள்ள போக ஆட்டோ வரும்னு நின்னோம். வரல. "நடந்துடலாம், நாம மலைக்காரங்கதானே"ன்னு அம்மா சொன்னாங்க. நடந்தோம்.

எங்க மலை 3500 அடிக்கு மேல. சித்திரையிலயும் மரத்தடியில நின்னா காத்து ஜில்லுன்னு இருக்கும். அந்த வெயில் வேற, இந்த வெயில் வேற. நாங்க குன்று அடிவாரத்துக்குப் போனப்போ உச்சிப்பொழுது. பாறை தோசைக்கல்லு மாதிரி. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறுது. கொண்டுபோன மூணு லிட்டர் தண்ணி வழியிலயே தீந்துபோச்சு. பாதி ஏறும்போது அம்மாவுக்குத் தலை சுத்திச்சு. ஒரு புதர் நிழல்ல உக்கார வெச்சோம்.

அங்க இருந்து அண்ணாந்து பாத்தா மேல மூணு நாலு கல்லு தெரிஞ்சது. அவ்வளவுதான் அன்னைக்குப் பாத்தது.

"அப்பா, நான் மட்டும் ஓடிப்போய்ப் பாத்துட்டு வரட்டா?"ன்னு பொண்ணு கேட்டா. வேணாம்னேன். பாட்டி முகத்தைப் பாத்துட்டு அவளும் மறுபடி கேக்கல. இறங்கிட்டோம். தருமபுரி வர்றதுக்குள்ள மலைக்குப் போற கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. ராத்திரி அக்கா வீட்டுல தங்கினோம். நல்லவேளை, அம்மாவுக்கு மோர் குடுத்துப் படுக்க வெச்சதும் சரியாச்சு.

என் வீட்டுக்காரம்மா திட்டல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "இடத்தைப் பத்தி இவ்ளோ படிச்சீங்க. போற வழியைப் பத்தி எதுவும் படிக்கலையே."

முழு உண்மை.

அதுக்கப்புறம் வீட்டுல மல்லசந்திரம் ஒரு வேலையாவே மாறிப்போச்சு. பொண்ணு ஒரு நோட்டு போட்டா. முதல் பக்கத்துல கேள்வியா எழுதி வெச்சா. இத்தனை சின்ன ஆளுங்க இவ்ளோ பெரிய கல்லை எப்படித் தூக்கினாங்க? சுவர்க்கல்லு ஏன் சாயல? யாரைப் புதைச்சாங்க? எப்போ?

சாயாம நிக்கிறதைப் பத்தி ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை நடந்துச்சு. சாப்பாடு முடிஞ்சு, நீளமான குளுக்கோஸ் பிஸ்கட் நாலு எடுத்துச் சதுரமா நிறுத்தப் பாத்தான் பையன். விழுந்துச்சு. மறுபடி. மறுபடியும் விழுந்துச்சு. (விழுந்து உடைஞ்சதெல்லாம் அவன் வாய்க்குள்ள போச்சு. வேணும்னே விழ வெச்சான்னுதான் நினைக்கிறேன்.)

நான் படிச்சிருந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையோட ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கணும். மேல இருந்து பாத்தா ஸ்வஸ்திகா மாதிரி தெரியும். ஒண்ணு உள்ள சாயப் பாத்தா பக்கத்துல இருக்கிறது தடுக்கும். அதைத் தடுக்க அதுக்குப் பக்கத்துல இருக்கிறது. நாலும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். மேல மூடுகல்லு கனமா உக்காந்ததும் அசையவே அசையாது. சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது, ஆணி கிடையாது.

பொண்ணு அதே மாதிரி வெச்சா. நின்னுச்சு. மேல அஞ்சாவது பிஸ்கட். அதுவும் நின்னுச்சு. என் அம்மா கை தட்டினாங்க.

கல்லு பேர்க்கிறதைப் பத்தி அம்மாவுக்கே தெரிஞ்சிருந்துச்சு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்தவங்க பாத்திருப்பீங்க. தோட்ட வேலிக்கு நட்டிருக்கிறது எல்லாம் கல் தூண்தான். வீட்டு முன்னாடி துணி துவைக்க, திண்ணைக்கு, கால்வாய் மேல மூடன்னு எல்லாத்துக்கும் பலகைக்கல்லு. பாறை மேல நெருப்பு மூட்டிச் சூடேத்தினா மேல் அடுக்கு விட்டுக்கும். அப்புறம் நெம்பி எடுக்கலாம். "அதான் கல்லொட்டருங்க செய்யுற வேலையாச்சே"ன்னாங்க அம்மா. எகிப்து அதிசயம் மாதிரி நாங்க பேசிக்கிட்டு இருந்த வேலை, அம்மாவுக்குப் பக்கத்து ஊர்ல பாத்துப் பழகின வேலை.

"எப்போ?"ங்கிற கேள்விக்குத்தான் எனக்கு ரொம்ப சந்தோஷமான பதில் கிடைச்சது. கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

மல்லசந்திரத்துக் கல்லு இரும்புக்காலத்தைச் சேர்ந்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. கூஃபு பிரமிடோட வயசு நாலாயிரத்து ஐநூறுக்கும் மேல. அதுல சந்தேகமே இல்ல, வயசுல அவங்கதான் மூத்தவங்க. பொண்ணுகிட்ட இதை மறைக்கல. நம்ம ஊருதுங்கிறதுக்காக வயசைக் கூட்டிச் சொல்றது எனக்குப் பிடிக்காது.

ஆனா "இரும்புக்காலம்"ங்கிற அந்த வார்த்தையைப் பாருங்க. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துல, பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைன்னு ஒரு ஊரு. அங்க தோண்டி எடுத்ததுல இருந்து, இரும்பு கி.மு. 2172-லயே புழங்கியிருக்குன்னு 2022 மே மாசம் சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. அப்புறம் 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு சொல்லுது. அது கூஃபு பிரமிடுக்கே எழுநூறு வருஷத்துக்கு மேல முந்தி.

எகிப்துல அந்தக் காலத்துல இரும்பு எவ்ளோ அபூர்வம் தெரியுமா? துட்டன்காமுன்னு ஒரு சின்ன வயசு ராஜா, கி.மு. 1323 வாக்குல செத்துப்போனார். அவர் மம்மியோட ஒரு இரும்புக் குத்துவாள் இருந்துச்சு. 2016-ல வெளிவந்த ஆய்வுல, அந்த இரும்பு வானத்துல இருந்து விழுந்த விண்கல்லுன்னு உறுதியாச்சு. ராஜாவுக்கே வானத்துல இருந்து விழுந்தாத்தான் இரும்பு. ராஜபாட்டையே இல்லாத எங்க கல்லுக் காட்டுல, மண்ணை உருக்கி இரும்பு எடுத்திருக்காங்க.

பொண்ணு நோட்டுல இதை மட்டும் சிவப்புப் பேனாவுல எழுதினா.

ரெண்டாவது பயணம் தை மாசம். பொங்கல் லீவுல. இந்தத் தடவை பஸ் இல்ல, தெரிஞ்சவர்கிட்ட வாடகைக்கு ஒரு வண்டி பேசினோம். ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட முன்கூட்டியே விசாரிச்சு, எங்க திரும்பணும், வண்டியை எங்க விடணும்னு கேட்டு வெச்சுக்கிட்டேன். தண்ணி பத்து லிட்டர். அம்மாவுக்குக் குடை, ஊன்றுகோல். சாமைப் புளிசாதம், வேகவெச்ச மொச்சை, கடலை உருண்டை, ஒரு தூக்கு மோர். வளைவு இறங்கும்போது பையனுக்கு வாந்தி வரும், அதனால எலுமிச்சம்பழம் நாலு.

காலையில நாலரைக்குக் கிளம்பினோம். பனி கண்ணு முன்னாடி சுவர் மாதிரி நிக்குது. டிரைவர் தம்பி ரொம்ப நிதானமா 24 வளைவையும் இறக்கினார். தருமபுரியில டீ. காவேரிப்பட்டணத்துல தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டும்போதுதான் கிழக்கு வெளுத்துச்சு. கிருஷ்ணகிரியில இட்லி. எட்டரை மணிக்கு நாங்க குன்று மேல.

எட்டரை மணிக்கு! ஒன்பது மாசத்துக்கு முன்னாடி அந்த நேரத்துல நாங்க தருமபுரிகூடத் தாண்டல.

ஏறி முடிச்சதும் யாரும் பேசல.

பாறை முதுகு மேல எங்க பாத்தாலும் கல்லு வீடு. சிலது முழுசா நிக்குது. சிலது மூடி சரிஞ்சு கிடக்கு. சிலதுல சுவர் மட்டும். சிலதைச் சுத்தி வட்டமா பலகைக்கல்லு நட்டிருக்காங்க, வீட்டுக்கு வேலி போட்ட மாதிரி. எங்க ஊருக்கு நடுவுல நின்னு பாத்தா எப்படித் தெரியுமோ, அப்படித்தான் இருந்துச்சு. ஆளில்லாத ஒரு ஊரு.

போட்டோவுல பாத்தா இது தெரியாது. போட்டோவுல ஒரு கல்லுதான் வரும். நேர்ல போனாத்தான், ஒருத்தருக்காகக் கட்டினது இல்ல, தலைமுறை தலைமுறையா வந்து கட்டியிருக்காங்கன்னு புரியும். கீசாவுல ஒரு ராஜாவுக்காக ஆயிரக்கணக்கான பேர் உழைச்சாங்க. இங்க வண்டி வண்டியா ஆள் இல்ல, ராஜாவும் இல்ல. ஒரு ஊர்க்காரங்க சேந்து, அவங்க ஊர்ல செத்தவருக்காக, கல்லைப் பேத்து, இழுத்துக்கிட்டு வந்து, நிறுத்தி, மூடி, கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க. எனக்கு இதுதான் பெருசாப் படுது. எத்தனை அடிங்கிறது இல்ல.

பையன் ஒரு கல்லு முன்னாடி மண்டி போட்டு உக்காந்துட்டான். பக்கச் சுவர்ல வட்டமா ஒரு ஓட்டை. கையால செதுக்கின ஓட்டை, ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கு. இடுதுளைன்னு பேரு. "இது எதுக்குப்பா?"ன்னான். உள்ள படையல் வைக்க, அப்புறம் எலும்பு வைக்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. உயிர் போய்ட்டு வர வழின்னும் சொல்வாங்கன்னேன்.

உள்ள எட்டிப் பாத்துட்டு அவன் மெதுவா சொன்னது: "பூட்டு போடல."

என் அம்மா ஒரு கல்லு நிழல்ல உக்காந்தாங்க. தூக்குல இருந்து கொஞ்சம் மோர் எடுத்து, அந்த ஓட்டைக்கு முன்னாடி தரையில ஊத்தினாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. "யாரோ எவரோ. நம்ம பெரியவங்க மாதிரி பெரியவங்கதானே"ன்னாங்க.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். தெலுங்கு கலந்த தமிழ். "இது பாண்டவருங்க வனவாசம் வந்தப்போ தங்கின வீடுன்னு எங்க தாத்தா சொல்லும்"ன்னார். தமிழ்நாட்டுல பல ஊர்ல இந்த மாதிரி இடத்துக்குப் பாண்டவர் பேருதான். பாண்டவர் குழி, பாண்டவர் வீடுன்னு. மாண்டவர்ங்கிறதுதான் வாயில மாறிப் பாண்டவர் ஆச்சுன்னு சொல்றவங்க உண்டு. நான் அதை அவர்கிட்ட எடுத்துச் சொல்லப் போகல. அவருக்கு அது பஞ்சபாண்டவர் வீடு, அதனாலதான் கல்லைத் தொடாம ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறார். அந்த நம்பிக்கை இத்தனை வருஷம் இந்தக் கல்லைக் காப்பாத்தியிருக்கு. படிச்சவங்க வந்து பேரு எழுதிட்டுப் போற வேலையை அவர் செய்யலையே.

ஆமா, பேரு எழுதியிருக்காங்க. இதயப் படம் போட்டு ரெண்டு பேரு. ஒரு மூடுகல்லு மேல ஏறி நின்னு செல்ஃபி எடுத்த தடம், சிப்ஸ் பாக்கெட். புதையல் இருக்கும்னு உள்ள தோண்டிப் போட்ட பள்ளம் வேற. உள்ள இருந்தது பானையும் எலும்பும் இரும்புக் கருவியும்தான். தங்கம் வெச்சுப் புதைக்க அது பிரமிடு இல்லய்யா! கல்லை நெம்பித் தள்ளினவனுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. ரெண்டாயிரம் வருஷம் நின்ன வீடு ஒண்ணு விழுந்ததுதான் மிச்சம். எனக்கு அங்க வந்த கோபம் இன்னும் அடங்கல. நாங்க கொண்டுபோன பையில அந்தப் பாக்கெட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டு எடுத்துக்கிட்டு வந்தோம்.

பதினொன்றரைக்கு இறங்கிட்டோம். வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கணும்னு பொண்ணு நோட்டுலயே எழுதி வெச்சிருந்தா. கீழ புளியமரத்தடியில சாப்பாடு.

திரும்பும்போது தருமபுரியில அகழ்வைப்பகத்துல நடுகல்லு பாக்கணும்னு இன்னொரு திட்டம் இருந்துச்சு. தருமபுரி மாவட்டம்னாலே நடுகல்லுதான். ஆநிரையை மீட்கப்போய்ச் செத்த வீரனுக்குக் கல்லு நட்டு, அவன் உருவத்தைச் செதுக்கி, பேரை வட்டெழுத்துல வெட்டி வெச்சிருப்பாங்க. கல்திட்டையில பேரு கிடையாது. நடுகல்லுல பேரு உண்டு. ஒரே நாள்ல ரெண்டையும் பாத்தா, செத்தவங்களை ஞாபகம் வெச்சுக்கிற விதம் எப்படி மாறி வந்திருக்குன்னு பசங்களுக்கு நான் சொல்லாமலே புரியும்னு நினைச்சேன். தகடூர்னு இருந்த இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே நடுகல்லு நட்டிருக்காங்க. அதைப் பாத்து ஔவையார் அழுது பாடின பாட்டு புறநானூத்துல இருக்கு. நெல்லிக்கனி குடுத்த அதே அதியமான்தான்.

பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலையில, எடுத்தனூர்ல ஒரு நடுகல்லு. மகேந்திரவர்ம பல்லவன் காலம். வீரனோட கூடவே அவனோட நாயும் இருக்கு. திருடனைக் கடிச்சுக் காவல் காத்த நாய். பேரு கோவிவன். சுமார் ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுதுன்னா பாத்துக்கோங்க. இதை வண்டியில சொல்லிக்கிட்டு வந்தேன். பையன் எங்க வீட்டு நாய்க்குப் பேரை மாத்தணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டான். (மாத்திட்டான். இப்போ "கோவிவா"ன்னு கூப்பிட்டா வருது.)

ஆனா நாங்க போன அன்னைக்கு அகழ்வைப்பகம் பூட்டியிருந்துச்சு. பொங்கல் லீவு. கேட்டு வெச்சுக்கிட்டுப் போயிருக்கணும். அதை வேற ஒரு நாள் தருமபுரி இறங்கும்போது பாத்துக்கலாம், 25 கிலோமீட்டர்தானே. இருட்டுறதுக்குள்ள மலை ஏறணும்ங்கிறதுதான் முக்கியம். ஆறரைக்கு வீட்டுல இருந்தோம். கடைசி வளைவு திரும்பும்போது பையன் தூங்கிட்டான். எலுமிச்சம்பழம் நாலும் அப்படியே இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி பொண்ணு குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு போட்டோ போட்டா. பாட்டி கல்திட்டைக்கு முன்னாடி உக்காந்திருக்கிற போட்டோ. கீழ ஒரே வரி: "எங்க ஊரு பிரமிடு. பிளேன் வேணாம்."

துபாய் மச்சான்தான் முதல்ல பதில் போட்டார். லீவுக்கு வரும்போது கூட்டிக்கிட்டுப் போகணுமாம்.

நீங்களும் போங்க. மார்கழி, தை, மாசி நல்ல காலம். பங்குனிக்கு மேல வேண்டவே வேணாம். விடிஞ்சதும் மேல இருக்கிற மாதிரி கிளம்புங்க, பதினோரு மணிக்கு மேல பாறையில நிக்காதீங்க. அங்க கடை கிடையாது, தண்ணி கிடையாது, நிழலும் அதிகம் கிடையாது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம். வயசானவங்க இருந்தா குடையும் கோலும். வழியை ஊர்க்காரங்ககிட்டக் கேளுங்க, மரியாதையா கேட்டா கூடவே வந்து காட்டுவாங்க.

மேல போனதும் மூடுகல்லு மேல ஏறாதீங்க. பசங்களை ஓட்டைக்குள்ள நுழைய விடாதீங்க. அது சுடுகாடு, நம்ம ஊரு சுடுகாட்டுல எப்படி நடந்துக்குவோமோ அப்படி நடந்துக்கோங்க. உங்க ஊர்ல யாராவது பெரியவங்க "அந்தக் கரட்டு மேல பாண்டவர் வீடு இருக்கு"ன்னு சொன்னா, கட்டுக்கதைன்னு விட்டுடாம ஒரு நடை ஏறிப் பாருங்க. கல்லு வீடு மாதிரி ஏதாவது தெரிஞ்சா தொடாம போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. குவாரிக்காரன் வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க.